முழுச்சட்டகக் காமிரா: பழைய பாடிகளுள் எதைத் தெரிந்தெடுப்பது?

காமிராவினுள்ளே ஒளியைப் படமாக மாற்றும் தகட்டிற்கு சென்ஸார் என்று பெயர். பழைய பிலிம் சுருளில் ஒரு படத்திற்குரிய இடமாக இருந்த 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் அப்படியே கொண்ட சென்ஸாரை உடையது முழுச்சட்டகக் காமிரா. ஃபுல் ஃபிரேம் என்று கடைக்காரர்கள் கூறுவது இதனையே. நம்மிற் பெரும்பாலோர் முதலில் வாங்குவது இதனினும் சிறிய சட்டகம் உடையதாகும். அதில் சில ஆண்டுகள் பழகியவர், அந்தி வெளிச்சத்தில் எடுத்த படம் மணல் தூவினாற்போல் வருவதைக் கண்டு சலித்துப் பெரிய சட்டகத்திற்கு மாற எண்ணுகிறார். புதியதன் விலையோ கைக்கு எட்டுவதில்லை. ஆகவே பிறர் உபயோகித்த பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான உடற்பகுதியை, நாடிச் செல்கிறார்.

இவ்வாறு நாடுவோருக்கு இது நல்ல காலமே. 2018-ஆம் ஆண்டில் நிக்கான், கெனான் என்னும் இரு ஜப்பானிய நிறுவனத்தாரும் மிர்ரர்லெஸ் வகை முழுச்சட்டகக் காமிராக்களைப் புதிய லென்ஸ் வாய் அமைப்புடன் வெளியிட்டனர். அது முதற்கொண்டு தொழில்முறையாளர் பலர் தம்மிடமிருந்த டி.எஸ்.எல்.ஆர். பாடிகளை விற்றுவிட்டு அப்பக்கம் செல்லலாயினர். ஒரு காலத்தில் கலியாண வீடுகளில் மட்டுமே நாம் தூரத்தில் நின்று பார்த்த கருவிகள் இன்று சாதாரண விலைக்கு வருவது இதனாலேயாம். மலிவாக வருகின்றன என்பதற்காக எல்லாம் வாங்கத்தக்கவை என்று கொள்ளலாகாது. ஒரு போக வருமானத்தில் மிச்சம் பிடித்ததையோ, பண்டிகைக் காலப் போனஸையோ இதில் முடக்குபவர், முதலில் தமக்குக் கிடைக்கப்போவது இன்னதென்று அறிந்துகொள்ளல் வேண்டும்.

நிக்கானின் சிறுசட்டக சென்ஸாரைவிட முழுச்சட்டகம் பரப்பில் 2.3 மடங்குக்கு மேலாகவும், கெனானினதைவிட 2.6 மடங்காகவும் உள்ளது. ஒரே அளவு லென்ஸ் துளையில், ஒரே நேரம் திறந்து வைத்தால், அத்தனை மடங்கு ஒளி கூடுதலாகச் சேருகிறது. ஒளி குறைந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஒரு படி உயர்த்தினும் படம் முன்போலவே தூய்மையாய் இருக்கும் என்பது இதன் பொருள். ஒரு படி, சற்று அதிகமாக இருந்தால் ஒன்றேகால் படி. பலர் நினைப்பதுபோல் இரவைப் பகலாக்கும் மாயம் எதுவும் இல்லை. இதுவும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காமிராக்களுக்குள் செய்யும் ஒப்பீடேயாம். அண்மையில் வந்த சிறுசட்டகக் காமிராவை வைத்திருப்பவர் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த கெனான் 5டி-யை வாங்கினால் சட்டகம் பெரிதாகுமே அன்றி, இருட்டில் எடுக்கும் படத்தில் ஆதாயம் காண்பது அரிது.

அன்றியும், தூரத்துப் பறவைகளைப் படம் எடுப்போருக்குச் சிறு சட்டகமே அனுகூலம். அதில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டுகிறது. வயல் வரப்பில் கொக்கையும் மீன்கொத்தியையும் தொடர்பவர் இந்த மாற்றத்திற்கு இப்பொழுதே செலவிட வேண்டியதில்லை. முகங்களை எடுப்பவர், குறுகிய அறையில் முழுக் காட்சியையும் அடக்க விரும்புபவர், விளக்கொளியில் விழாக்களை எடுப்பவர் ஆகியோருக்கே இது பயன்படும்.

நிற்க. பாடியைப் பற்றிப் பேசுமுன் லென்ஸைப் பற்றிப் பேசியாக வேண்டும். மக்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கெனானின் இ.எஃப்.-எஸ். வகை லென்ஸ் முழுச்சட்டகப் பாடியில் பொருந்தவே பொருந்தாது. நிக்கானின் டி.எக்ஸ். வகை பொருந்தும், ஆயின் பாடி சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டுமே உபயோகிக்கும். 2 கோடியே 43 லட்சம் புள்ளிகள் உள்ள டி750 அப்பொழுது சுமார் 1 கோடிப் புள்ளிகளையே தரும். பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் திண்ணையில் மட்டும் குடியிருப்பதை ஒக்கும் இது. முதற் காமிராவுடன் வந்த 18-55, பிறகு வாங்கிய 55-200 ஆகிய இரண்டும் கையில் இருந்தால், முழுச்சட்டகத்திற்கு அவை உதவா என்று கணக்கில் எழுதிவிட்டு மேலே செல்லவேண்டும். ஆகவே கைப்பணம் முழுவதையும் பாடிக்கே கொடுப்பது கூடாது. 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இரு நிறுவனங்களிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு படி குறைந்த பாடியும் இந்த லென்ஸும் சேர்ந்து செய்யும் வேலையை, உயர்ந்த பாடி பொருந்தாத லென்ஸோடு செய்யமாட்டாது.

இனி நிக்கான் வரிசை. 2008-இல் வந்த டி700 உலோகக் கட்டுடையது. பாடி மட்டுமே ஒரு கிலோவுக்கு 5 கிராம் குறைவு. அக்காலத்து உயர்தர டி3-இன் சென்ஸாரே இதிலும் உள்ளது. 1 கோடியே 21 லட்சம் புள்ளிகள்தாம். எனினும் 14 அங்குல நீளத்திற்கு 9 அங்குல அகலம் அச்சிட அது தாராளமாகப் போதும். அசையும் படம் எடுக்கும் வசதி இதில் இல்லை. இதன்மேல் பக்தி கொண்டோர் இன்றும் உளர். அவர்களோடு வாதிட நாம் வரவில்லை. ஆனால் வயது ஏறிய பாடிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகும் என்பதை மறக்கலாகாது.

2012-இல் வெளிவந்த டி600-க்கு ஒரு வரலாறு உண்டு. உபயோகிக்க உபயோகிக்க அதன் சென்ஸாரின்மீது எண்ணெய்த் துளியும் தூசியும் படிந்து, வானத்தை எடுத்தால் படத்தின் மேல்மூலையில் கரும்புள்ளிகள் தோன்றின. வாங்கியோர் முறையிட்டனர். 2013-இல் டி610 என்னும் பெயரில் ஷட்டர் மாற்றிய காமிரா வந்தது. 2014-இல் டி600 வைத்திருந்தோருக்கு, உத்தரவாதக் காலம் கடந்திருந்தாலும் இலவசமாகத் துப்புரவு செய்து, வேண்டுமாயின் ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிக்கான் நிறுவனத்தார் அறிவித்தனர். அந்தப் பழம்பெயரின் காரணமாக டி600 இன்றும் டி610-ஐவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. இரண்டின் சென்ஸாரும் ஒரே தரத்தன. ஷட்டர் மாற்றப்பட்டதற்குச் சீட்டுக் காட்டினால் டி600-ஐத் துணிந்து வாங்கலாம். சீட்டு இல்லையெனில் டி610-ஏ மேல்.

2014-இல் வந்த டி750, எமது அபிப்பிராயத்தில், இவ்வரிசையில் விலைக்கும் பயனுக்கும் பொருத்தம் கூடியது. குவியப் புள்ளிகள் 51, டி610-இல் 39. விளக்கு மங்கிய மண்டபத்திலும் குவியம் தடுமாறுவதில்லை. பின்திரை மேலும் கீழும் சாயும். தரையோடு வளர்ந்த நாற்றைப் படுக்காமலே எடுக்கலாம். அட்டைக்கு இரு பிளவுகள் உள்ளன. ஓர் அட்டை கெட்டாலும் படம் தப்பும். ஆயினும் குறையற்றது என்று கூறுவதற்கில்லை. முதலில் விற்றவற்றுட் சிலவற்றில் ஓரத்து ஒளி படத்தில் பட்டையாக வெட்டுண்டது. வேறு சிலவற்றில் ஷட்டர் கோளாறு கண்டது. இரண்டையும் நிறுவனத்தாரே இலவசமாகத் திருத்தினர். விற்பவரிடம் இதனைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கெனான் வைத்திருப்போர் நிக்கானுக்கு மாறவேண்டும் என்பதில்லை. 2008-இன் 5டி மார்க் 2 அசையும் படத்திற்கு முழுச்சட்டகத்தைப் பழக்கிய காமிரா. குறும்படங்கள் பல இதனால் உண்டாயின. ஆயின் அதன் குவிய அமைப்பு முந்தைய 5டி-யினுடையதே. நடுப்புள்ளி ஒன்றையே நம்பலாம். இருண்ட பகுதியைக் கணினியில் வெளுக்க முயன்றால் கோடுகள் தெரியும். 2012-இன் 6டி எளியது, 11 குவியப் புள்ளிகளே உடையது, அட்டைப் பிளவும் ஒன்றே. எனினும் நடுப்புள்ளி நிலவொளியை ஒத்த மங்கலிலும் குவியும். பாடி 680 கிராமே. இருட்டில் படம் தூய்மையாக வரும். நின்ற பொருளையும் மனிதரையும் எடுப்பவருக்கு 6டி போதும். ஓடும் குழந்தையையும் சல்லிக்கட்டையும் எடுப்பவர் 61 புள்ளிகள் கொண்ட 5டி மார்க் 3-க்கு அதிகப் பணம் கொடுப்பது நியாயமே.

சோனி நிறுவனத்தாரின் ஏ7 2013-இல் வந்தது. மின்கலத்துடன் அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை. ஒரு மின்கலத்திற்குக் கிட்டத்தட்ட 340 படங்கள் என்பதே கணக்கு, டி750-க்கு 1,230. 2018-இன் ஏ7 மூன்றாம் பதிப்பில் அக்குறை நீங்கியது, விலையும் அதற்கேற்பவே நிற்கிறது.

புள்ளிகள் மிகுந்தால் நல்லதல்லவா என்று கேட்போர் உண்டு. நெசவாளர் இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மெல்லிய துணி ஒன்றின்மேல் மற்றொன்றை விரித்து அசைத்தால், இரண்டிலும் இல்லாத அலைக்கோலம் ஒன்று ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சென்ஸாரும் ஊடும் பாவும்போல் வரிசை வரிசையான புள்ளிகளால் ஆனது. அதன் வரிசையும் சேலையின் இழைவரிசையும் ஒன்றையொன்று நெருங்கும்போது அதே அலைக்கோலம் படத்தில் தோன்றும். சில சமயம் இல்லாத நிறமும் ஏறும். இதைக் குறைக்கவே பல பாடிகளில் சென்ஸாரின்முன் ஒரு மெல்லிய வடிகட்டி வைக்கப்பட்டுள்ளது. 3 கோடியே 63 லட்சம் புள்ளிகள் கொண்ட டி810-இலும், சோனி ஏ7ஆர்-இலும், கூர்மைக்காக அவ்வடிகட்டியை நீக்கிவிட்டனர். மலைக்காட்சிக்கு அது நன்று. துணி விற்பனைக்குப் படம் எடுப்பவர் வடிகட்டி உள்ள டி610, டி750, 6டி போன்றவற்றையே கொள்வது நலம். எதிலும் அலை தோன்றினால், காமிராவை ஓர் அடி முன்னோ பின்னோ நகர்த்தினாலே பெரும்பாலும் மறையும்.

பின்னாளில் மிர்ரர்லெஸ் பக்கம் செல்ல எண்ணுவோருக்கு இன்னொன்று. கெனானின் இ.எஃப். லென்ஸ்கள் இணைப்பு வளையத்தின் உதவியால் புதிய பாடியில் தாமே குவியும். நிக்கானில், பாடியின் மோட்டாரால் திருப்பப்படும் பழைய ஏ.எஃப்.-டி. லென்ஸ்கள் டி610, டி750 ஆகியவற்றில் நன்கு இயங்கும், நிக்கானின் எஃப்.டி.இஸட். வளையத்தின் வழியே புதிய பாடியில் மாட்டினால் கையாற்றான் குவிக்க வேண்டும்.

பெயரைத் தெரிந்தெடுத்த பின் பாடியைப் பரிசோதிப்பதே பெரிய காரியம். ஒரே பெயர் கொண்ட இரு பாடிகளுக்குள் உள்ள வேற்றுமை, வெவ்வேறு பெயர்களுக்கிடையே உள்ளதைவிட அதிகமாக இருக்கக்கூடும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை முதலில் அறிய வேண்டும். நிக்கானில் அவ்வெண் ஒவ்வொரு படக்கோப்பினுள்ளும் பதிவாகிறது. மேற்கூறிய கெனான் பாடிகளைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால் படிக்க வேண்டும். டி610, டி750, 5டி மார்க் 2 ஆகியவற்றின் ஷட்டர் 1,50,000 முறைக்கும், 6டி-யினது 1,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அவ்வெண்ணைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்பதன்று. அதற்குள்ளேயே கெடுவதும் உண்டு. மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசலாம், அவ்வளவே. ‘வீட்டிலேயே வைத்திருந்தது’ என்று கூறும் பாடியில் ஒரு லட்சம் காணப்பட்டால் மற்ற பேச்சையும் அதே தராசில் நிறுக்கலாம்.

பிறகு லென்ஸ் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, குவியத்தை விலக்கி, வெண்சுவரையோ வானத்தையோ எடுக்கவேண்டும். சென்ஸாரில் உள்ள தூசி, எண்ணெய், கீறல் யாவும் அதில் புள்ளியாகவும் கோடாகவும் வெளிப்படும். தூசி துடைத்தால் போகும்; துடைத்தும் போகாத கோடு கீறலே. அடுத்து மூடியை இட்டு, 30 விநாடி திறந்து ஒரு படம் எடுத்தால், கெட்டுப்போன புள்ளிகள் விண்மீன்கள்போல் ஒளிரும். டி700, 5டி மார்க் 2 ஆகியவற்றின் அட்டைப் பிளவுக்குள் ஊசிமுனைகள் உண்டு. விளக்கடித்து உள்ளே பார்த்து, ஒன்றேனும் வளைந்திருந்தால் விட்டுவிட வேண்டும். லென்ஸ் வாயின் உலோக வளையம் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரிந்தால் மிகுந்த உழைப்புக் கண்ட பாடி. கைப்பிடி ரப்பர் உப்பியிருப்பது அழகுக் குறையே. சிறு செலவில் மாற்றலாம். லென்ஸும் சேர்ந்து வந்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறம் நோக்குக. மழைக்கால ஈரத்தில் மூடி வைத்த லென்ஸினுள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். அத்தகையதை இலவசமாகத் தந்தாலும், மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கலாகாது.

அடிப்புறத்தில் பொறித்த எண்ணும் பழைய ரசீதின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். களவுப் பொருளன்று என்பதற்கு அதுவே எளிய சான்று. மின்கலம் நிறுவனத்தாரின் சொந்தத் தயாரிப்பா, மின்னேற்றி உடன் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்க. இவ்விரண்டையும் தனியே வாங்கினால் மலிவு என்று நினைத்த பேரத்தில் நல்ல பகுதி கரைந்துவிடும். சோதனைக்குச் செல்லும்போது நம் அட்டையையே கொண்டுசென்று, எடுத்த படங்களுடன் வீடு திரும்பிப் பெரிய திரையில் பார்த்துவிட்டு, மறுநாள் பணம் தருவதாகச் சொல்லலாம். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், வாங்கட்டும். அதே பாடி அடுத்த வாரமும் சந்தைக்கு வரும்.