சாவி யாரிடம்?

போன சித்திரையில் ஒரு மத்தியானம். திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் அம்மா சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது மணி நாலரை. மழை கட்டிக்கொண்டு வானம் மூடிக்கிடந்ததால் வீட்டுக்குள் விடியற்காலை மங்கல். பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்து, வாயைக் கொப்பளித்து, காலைச் சாப்பாட்டுக்கு முன் போடுகிற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அன்று காலையிலேயே ஒன்று போட்டாகிவிட்டது. அடுப்படிக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்ததும் சாயங்காலம் என்று புரிந்திருக்கிறது. மாத்திரை போட்டது மட்டும் நினைவில் நிற்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்குப் பூ கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்தபோது சேலை நனைகிற அளவுக்கு வியர்வை. கை நடுக்கம், பேச்சில் குழறல். அந்த அக்காவின் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு என்பதால் அவருக்கு விஷயம் பிடிபட்டது. தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தபோது அம்மா கண்ணைத் திறந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அது கிளிமிபிரைடு மாத்திரை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது. ஒரு மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். அதனால் சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்தவருக்கு நடுராத்திரியில் மறுபடி இறங்கலாம். அன்றிரவு விடிய விடிய குளுக்கோஸ் ஏறியது, மணிக்கொரு தரம் விரலைக் குத்திப் பார்த்தார்கள். தினமும் போனில் "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்கிற மகன் நான். "போட்டாச்சுப்பா" என்பார். எத்தனை தடவை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் தானியங்கி மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். முறுக்கு டப்பா மூடி அளவுக்கு வட்டமாக இருக்கும். உள்ளே பூச்சக்கரம் மாதிரி சுழலும் தட்டு. அதில் 28 அறைகள். ஒரு நாளைக்கு 4 வேளை மாத்திரை என்றால் ஒரு வாரத்துக்கு வரும். ஒரே வேளை என்றால் 4 வாரத்துக்கு. மேல்மூடியில் ஒரே ஒரு வாய்தான் உண்டு. நாம் வைத்த நேரம் வந்ததும் தட்டு ஓர் அறை நகர்ந்து அந்த வாய்க்கு நேரே நிற்கும். மணி அடிக்கும், விளக்கு மினுக்கும். பெட்டியை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தால் மாத்திரைகள் விழும், சத்தம் அடங்கும். கவிழ்க்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். இன்னும் விலை கூடிய சில பெட்டிகள், எடுக்காமல் விட்டால் மகனுக்கோ மகளுக்கோ போனில் தகவல் அனுப்பும். பேட்டரியில் ஓடுவதால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளிலும் நிற்காது.

இதில் என்னைக் கவர்ந்தது மணியைவிடப் பூட்டு. மூடியைத் திறக்கச் சாவி வேண்டும். வேளை வராமல் உள்ளே இருக்கும் மாத்திரையைத் தொட முடியாது. சித்திரை மாதத்து அந்த நாலரை மணிக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தால், அம்மா கவிழ்த்துப் பார்த்திருப்பார், ஒன்றும் விழுந்திருக்காது, "ஓ, காலையில போட்டாச்சு" என்று வைத்திருப்பார். கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஞாயிறு, திங்கள் என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பாவும் நல்லதுதான். ஆனால் அது திறந்த வீடு. நாளையின் மாத்திரையை இன்றைக்கே எடுத்துவிட முடியும்.

பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்களுடையது. மாங்காய்ப் பூட்டு செய்த கைகள், சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டையும் செய்தன. திருடன் கை வைத்தால் வீட்டுக்காரர் விழித்துக்கொள்ளட்டும் என்பதற்காக அந்த மணி. மாத்திரைப் பெட்டியும் அதே இரண்டு பொருள்களால் ஆனது: ஒரு பூட்டு, ஒரு மணி. அலிகாரின் மெஷின் பூட்டோடு போட்டி போட்டு நொடிந்துகொண்டிருக்கும் பட்டறைகளைப் பார்க்கும்போதெல்லாம், பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கடல் தாண்டி வாங்கும் இந்தப் பெட்டியை இங்கேயே, தமிழில் பேசும்படி, ஏன் செய்யக்கூடாது என்ற ஆசை வருகிறது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளைகள் இந்த ஊர் பாலிடெக்னிக்குகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். கேட்க ஆள் இருந்தால் செய்வார்கள்.

பெட்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை நிரப்ப உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது.

அம்மாவின் மாத்திரைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன. பாயில் கொட்டினேன். முழு அட்டைகள் கொஞ்சம், கத்தரியால் வெட்டிய துண்டுகள்தான் அதிகம். மெடிக்கலில் "பத்து நாளைக்குக் குடுங்க" என்றால் அட்டையை வெட்டித்தான் தருகிறார்கள். பெயர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகும். நான்கு துண்டுகளில் என்ன மாத்திரை என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். மெட்ஃபார்மின் மூன்று வேஷத்தில் இருந்தது: அரசு கொடுத்த அட்டை ஒன்று, பிராண்டு பெயரோடு மெடிக்கலில் வாங்கியது ஒன்று, விலை குறைவென்று மலிவுவிலை மருந்தகத்தில் வாங்கிய ஜெனரிக் ஒன்று. நிறமும் அளவும் வேறு வேறு என்பதால் அம்மாவுக்கு அவை மூன்று மருந்து. பிரஷருக்கு அம்லோடிபின் தனியாக ஓர் அட்டை. டெல்மிசார்டனோடு அம்லோடிபின் சேர்ந்த கூட்டு மாத்திரை இன்னோர் அட்டை. முதலாவதை எழுதியவர் ஒரு டாக்டர், இரண்டாவதை எழுதியவர் வேறொருவர். பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டேன். "நிறுத்துன்னு யாரும் சொல்லலையேப்பா" என்றார். ஆறேழு மாதமாகக் கால் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்கும்.

நான் மட்டும் அன்று ஒரு தப்பான வேலை செய்திருந்தால், அதாவது டின்னில் இருந்ததையெல்லாம் அப்படியே அறைகளில் போட்டுப் பூட்டியிருந்தால், அந்தப் பெட்டி இரட்டை அம்லோடிபினை ஒரு நாள் தவறாமல், நொடி பிசகாமல், மணி அடித்து ஊட்டியிருக்கும். மெஷினுக்குத் தெரிந்தது நேரம் மட்டும். எது, எவ்வளவு, யாருக்கு என்பதெல்லாம் நிரப்புகிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லாத மருந்து' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று கணக்குச் சொன்னது. அதே நிறுவனத்தின் 2003 அறிக்கைப்படி, நீண்டகால நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களில் ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப்பேர்தான். வயதானவர்களின் மறதி என்று ஒதுக்கிவிடுகிற விஷயம் இல்லை இது.

நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணப்படுத்த முடியும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. வீட்டில் வைத்தால் ஒரு கேள்வி பிறக்கும்: சாப்பிடுகிறாரா? அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். அதே கேள்விக்கு அமெரிக்காவில் தாமஸ் மோல்டிங் என்ற டாக்டர் 1960களில் ஒரு பெட்டி யோசித்தார். மாத்திரை குறையக் குறைய நகரும் சிறு கதிரியக்கத் துண்டு, உள்ளே இருக்கும் புகைப்படச் சுருளில் தடம் பதிக்கும். எந்த நாளில் எடுக்கவில்லை என்பதைச் சுருளைக் கழுவிப் பார்த்தால் தெரியும். இன்றைய மாத்திரைப் பெட்டிகளுக்கு அது பாட்டன்.

காசநோய்க்காகவே இந்தியாவில் பின்னால் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் போன் நம்பர் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. காசு செலவில்லாத, நம் ஊர்ப் பழக்கத்திலிருந்தே பிறந்த யோசனை. இன்னொன்று, மூடியைத் திறந்தால் பதிவு செய்து அனுப்பும் பெட்டி. 2015இல் வெளியான சீன ஆய்வில், போனுக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியதில் குறிப்பிடும்படி பலன் இல்லை. மணி அடிக்கும் பெட்டி கொடுத்த இடங்களில் மருந்தை அடிக்கடி தவறவிடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. செய்தி போனில் மூழ்கிவிடுகிறது. கண் முன்னால் மாத்திரையோடு உட்கார்ந்து அடிக்கிற பெட்டியை அப்படி ஒதுக்க முடிவதில்லை.

எங்கள் பக்கம் இதற்கு இன்னொரு வடிவம் நடமாடுகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் பார்க்கும் கருவிகளோடும் மாத்திரைகளோடும் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் காலத்திலிருந்தே சின்னாளபட்டி, ஆத்தூர்ப் பக்கத்துத் திண்ணைகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து உட்காருவது புதிதில்லை. என் வேண்டுகோள் ஒன்றுதான்: மாத்திரையைக் கொடுக்கும்போது டின்னையும் ஒரு தடவை கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்து மாத்திரை ஒரே டின்னில் கிடப்பதைக் கண்டுபிடிக்க, வீட்டுக்குள் வரும் அந்தப் பெண்ணைவிடத் தோதான ஆள் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மருந்தாளுநர்களே வாரத்துக்கு உரியதை வேளை வேளையாகப் பிரித்து அடைத்துத் தருகிறார்கள். பார்மசி படித்தவர்கள் இங்கேயும் மெடிக்கலில் நிற்கிறார்கள். கத்தரியால் வெட்டிக் கவரில் போடுவதோடு அவர்கள் படிப்பு முடிந்துவிடக்கூடாது.

பெட்டி வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். எல்லா மாத்திரையும் அட்டையை விட்டு வெளியே வரலாம் என்பதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைப்பது பூட்டுக்குள் இருக்கவே கூடாது. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல், வலி என்று தேவைப்பட்டால் மட்டும் போடுவதும் வெளியேதான். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தனி வேளையாக வைத்து, கால்சியத்துக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் யார் வீட்டிலாவது இருந்தால், அவர்களுக்கு இந்தப் பூட்டு உயிர்காக்கும். தினமும் சாப்பிட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜையையே அழித்துவிடுகிற மருந்து அது. பெட்டியை ஜன்னலோரத்திலும் அடுப்படியிலும் வைக்காதீர்கள். பல மருந்துகளின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே என்றிருக்கும், நம் ஊர்ச் சித்திரை வெயில் அதற்கு வெகுதூரம் மேலே.

சாவி விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் மாதம் ஞாயிறுதோறும் வந்து நிரப்பிப் பூட்டி, சாவியை மதுரைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அம்மா கையில் இருந்தால் திறந்துவிடுவார் என்ற பயம். ஒரு புதன்கிழமை செக்கப்பில் டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார். அம்மா எனக்குப் போன் போட்டுச் சொன்னார். சாவி என் பையில். பெட்டி வியாழன் காலை பழைய அளவை நீட்டியது. "எதைப் போடறதுன்னு தெரியலப்பா, ஒன்னும் போடாம இருக்கேன்" என்று அம்மா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது எதிர்வீட்டு அக்காவிடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து பாயில் உட்காருவார். நான் வர முடியாத வாரம் போனில் வீடியோ போட்டுக்கொள்வோம். டாக்டர் எழுதிய சீட்டில் இருக்கிற 'ஒன்னு சைபர் ஒன்னு' கணக்கை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: மருந்தின் பெயர், எதற்கு, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. அம்மா அதைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அக்கா அட்டையைத் தேடி எடுத்து, பெயரை மறுபடி வாசித்து, அறையில் போடுவார். போட்டு முடித்ததும் அம்மா விரல் விட்டு எண்ணுவார். போன வாரம் செவ்வாய் இரவு அறையில் ஒன்று குறைந்ததைக் கண்டுபிடித்தது அம்மாதான். "கொழுப்பு மாத்திரை விட்டுப்போச்சுடீ" என்றார். அக்கா அதைப் போட்டு, மூடியை அழுத்திப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் பீரோ சாவிக்கும் கேட் சாவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பால் வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.