கடன் கொடுத்தும் கெடாத கடை

"கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை மாட்டாத மளிகைக் கடை நம் ஊர்களில் குறைவு. பலகையை மாட்டிவிட்டுக் கடன் கொடுக்காமலே கடை நடத்தியவர்களும் குறைவுதான். விவசாய ஊரில் அறுவடை முடிந்தால்தான் வசூல். அதுவரை நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மலைக் கிராமமான ப்ளைமவுத் நாட்ச்சில் இருந்த ஒரு பொதுச்சரக்குக் கடையின் வரலாறு இதற்குச் சாட்சி.

1870-களில் அந்தக் கடையை நடத்தியவர் ஜான் கூலிட்ஜ். கடையை ஒட்டிப் பின்புறம் வீடு. தபால் அலுவலகமும் அதே கட்டடத்தில். 1872 ஜூலை 4 அன்று அந்த வீட்டில் பிறந்த மகன் கால்வின் கூலிட்ஜ் பிற்காலத்தில் அமெரிக்காவின் 30-வது ஜனாதிபதி ஆனார். 1929-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் அப்பாவின் கடைக் கணக்கையும் அவர் எழுதியிருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய கணக்கு அது.

இடத்திற்கு ஆண்டு வாடகை 40 டாலர். ஆண்டுக் கொள்முதல் சுமார் 10,000 டாலர். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் பாஸ்டன் நகருக்குச் சென்று சரக்கு எடுப்பார். சராசரி லாபம் மாதம் 100 டாலர். அதாவது நூறு டாலர் சரக்குக்குப் பன்னிரண்டு டாலர்தான் நின்றது. இந்தச் சிறு லாபத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் கடன் கொடுத்தார். ஆனாலும் வராமல் போன பாக்கி மிகக் குறைவு. பல ஆண்டுகள் கண்ணில் படாதவர்கள்கூடத் திரும்பி வந்து முழுப் பாக்கியையும் தீர்த்ததுண்டு என்கிறார் மகன்.

இது எப்படி நடந்தது? நாம் நினைப்பது இதுதான். வாடகை சிறியது, வீண் செலவு இல்லை. வாங்குபவரின் நிலம், மாடு, குணம் எல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். ஊர் செழித்தால்தான் பாக்கி வரும் என்பதும் அவருக்குத் தெரியும். 1890-ல் அவரும் ஊர் விவசாயிகள் சிலரும் சேர்ந்து, மிஞ்சிய பாலைப் பாலாடைக் கட்டியாக்க ஓர் ஆலை தொடங்கினார்கள். விவசாயி கையில் பணம் புழங்க அதுவும் ஒரு வழி.

1923 ஆகஸ்ட் 2 அன்று ஜனாதிபதி ஹார்டிங் இறந்தார். மறுநாள் அதிகாலை 2.47 மணிக்கு, கடைக்கு எதிரே இருந்த குடும்ப வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அதே அப்பாதான். அவர் நோட்டரியாகவும் இருந்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் கடையின் மாடிக் கூடம் ஜனாதிபதியின் அலுவலகமாயிற்று. இன்று அந்தக் கடையையும் வீட்டையும் மாநில அரசு நினைவிடமாகப் பாதுகாத்து வருகிறது.

மொத்த வியாபாரத்தில் நாம் பார்த்தவரை, கடன் கொடுத்ததால் மட்டும் மூடிய கடைகள் சிலவே. ஆளறியாமல் கொடுத்து, நோட்டில் எழுதாமல் விட்டு, கேட்கக் கூச்சப்பட்டு மூடியவையே பல. பெரிய அங்காடிகளும் கைபேசி வியாபாரமும் விலையைக் குறைக்கலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் ஒரு குடும்பத்துக்கு அரிசி பருப்பு கொடுத்துக் காத்திருப்பது ஊர்க் கடைதான். அதுவே நம் பலம். ஆகவே ஆளறிந்து கொடுப்போம், அளவோடு கொடுப்போம், அன்றன்றே எழுதுவோம்.