பருவச் சக்கரமும் காற்றறி கருவியும்

தமிழில் 'கால்' என்னும் ஒரு சொல் பல பொருள் குறித்து வரும். நடக்கும் உறுப்பும் கால். தேரின் சக்கரமும் கால். வீசும் காற்றும் கால். நான்கில் ஒரு கூறும் கால். நிகண்டு பயிலும் எம்மனோர்க்கு இது நெட்டுருப் பண்ணவேண்டிய ஒரு பாடமாக மட்டும் தோன்றுதல் இயல்பே. ஆயின் இக்காலத்து மோட்டார் வண்டியை உற்று நோக்குவார்க்கு அப்பொருள்களுட் பல ஓரிடத்திற் கூடியிருப்பது புலனாகும். வண்டி நிற்பது காலின்மேல். அக்காலினுள் அடைபட்டிருப்பது காற்று. அக்காற்றின் அழுத்தம் கால் பங்கு குறையுமாயின் ஓட்டுவோர் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அவ்விளக்கு எவ்வாறு எரிகின்றது, பருவந்தோறும் சக்கரம் மாற்றுவோர்க்கு அதனால் வரும் இடர் யாது என்பனவே ஈண்டுக் கூறப்புகுந்தவை.

பருவந்தோறும் சக்கரத்தை மாற்றுவாரும் உளரோ என்று நந்தனத்தில் வாழும் நண்பர் வியப்பர். நம் அண்ணா சாலையில் ஓடும் வண்டி சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அதே நான்கு சக்கரங்களோடுதான் ஓடுகின்றது. டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்தாலன்றி அதனை மாற்றுவாரில்லை. எனினும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் சிலர் கடல் கடந்து, கனடா நாட்டு டொராண்டோ நகரிலும் அதனை அடுத்த ஸ்கார்பரோ, மார்க்கம் முதலிய இடங்களிலும் வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டின் பின் ஈழத்தினின்று பெயர்ந்த தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறிய இடங்களும் அவையே. அவர் சக்கரத்தைச் 'சில்லு' என்பர். நம் ஊர்ச் சிறுமியர் கட்டம் கீறித் தாண்டி விளையாடும்போது எறியும் ஓட்டுத் துண்டுக்கும் அதுவே பெயர் என்பது நினைக்க இனியது. கார்த்திகை பிறந்ததும் அச்சில்லுகளைக் கழற்றி வேறு நான்கு பூட்டுவதும், பங்குனி சித்திரையில் மீளவும் பழையவற்றைப் பூட்டுவதும் அந்நாட்டில் ஆண்டுதோறும் நிகழும் வேலை.

இதற்குக் காரணம் ரப்பரின் இயல்பு. கோடைக்கென அமைந்த டயரின் ரப்பர், வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும்போது இறுகத் தொடங்குகின்றது. இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. பனிக்கால டயர் கடுங்குளிரிலும் நெகிழ்வு கெடாத கலவையாற் செய்யப்படுவது. அதன் முகத்தில் மெல்லிய கீறல்கள் மிகப் பலவாக வெட்டப்பட்டு, பனியைக் கவ்வும். 1934ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து நோக்கியா என்னும் ஊரிற் பார வண்டிகளுக்காக முதன்முதல் இவ்வகை டயர் செய்தனர். கனடாவில் கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு முதல் இதனைச் சட்டமாக்கியுள்ளது. அங்கே இப்பொழுது டிசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை பனிக்கால டயர் இன்றி வண்டியோட்டல் குற்றம். தமிழர் மிகுந்த ஒன்டாரியோவில் அத்தகைய கட்டாயமில்லை. ஆயினும் 2016 முதல் பனிக்கால டயர் பூட்டுவோர்க்கு இன்ஷூரன்ஸ் கட்டணத்திற் சலுகை தரவேண்டுமென்பது அங்கு விதி.

மாற்றும் வழி இரண்டு. ரிம் என வழங்கும் வட்டையை மாற்றாது டயரை மட்டும் உரித்து மாற்றுவது ஒன்று. வட்டையும் டயருமாகப் பொருத்திய நான்கு சக்கரங்களைத் தனியே வைத்திருந்து, முழுச் சக்கரமாகவே மாற்றுவது மற்றொன்று. ஆண்டுக்கு இருமுறை நெம்பி உரித்தால் டயரின் விளிம்பு சிதையுமாதலின், கையிற் பணமுள்ளோர் இரண்டாவதையே விரும்புவர். தொல்லை தொடங்குவதும் அதிலேதான். புதிய நான்கு சக்கரங்களை வண்டி அறியாது.

சக்கரத்தை வண்டி அறிவதாவது என்னை? அதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும். 1888இல் டன்லப் என்பவர் பெல்பாஸ்டு நகரிற் காற்றடைத்த டயரை வழக்கிற் கொணர்ந்த நாள் தொட்டு, உள்ளிருக்கும் காற்றின் அளவைக் கண்ணாற் காண வழியில்லை. சிறிது காற்றிழந்த டயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஓடும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாய் மடங்கி நிமிர்ந்து சூடேறும். சூடு மிகுந்து அடுக்குகள் பிரியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் முதலிய வண்டிகளில் அவை மேற்றோல் உரிந்து, வண்டி கவிழ்ந்து, 270க்கு மேற்பட்டோர் மாண்டதே காரணம். அவ்வாண்டு நவம்பரிலேயே அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். அதன் வழியே 2007ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அங்கு விற்கும் சிறு வண்டி ஒவ்வொன்றிலும் காற்றழுத்தம் அறியும் கருவி இருத்தல் வேண்டுமென்றாயிற்று. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் யாவற்றிற்கும் இவ்விதி உண்டு. இத்தகைய கருவி 1986ஆம் ஆண்டின் போர்ஷே 959 என்னும் காரிலேயே இருந்தது. செல்வர் வண்டியின் அணிகலனாயிருந்த அதனைப் பொதுமக்களுக்கு உரியதாக்க இத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது!

கருவி இருவகைப்படும். ஒருவகை சக்கரங்களின் சுழற்சியை எண்ணிப் பார்ப்பது. காற்றுக் குறைந்த டயர் சிறிது குறுகுமாதலின், அதே தூரத்தைக் கடக்கப் பிறவற்றினும் மிகுதியாகச் சுழலும். பிரேக்கின் பொருட்டு முன்பே அமைந்த சுழற்சிமானிகளைக் கொண்டு வண்டி அதனை ஊகித்துக் கொள்ளும். இவ்வகையில் டயருக்குள் ஏதும் இல்லை. சக்கரம் மாற்றியபின் நான்கிலும் காற்றைச் சரிபார்த்து, 'இன்று முதல் இதுவே கணக்கு' என்று பொத்தானை அழுத்தி அறிவித்தாற் போதும். காற்றைச் சரிபாராமல் அழுத்துவோர், குறையையே அளவாக வண்டிக்குக் கற்பித்தவராவர்.

மற்றொரு வகையே நாம் விரித்துக் கூறவேண்டுவது. இதில் ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும், வால்வின் அடியில், தீப்பெட்டியளவான ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து வானொலி அலையாக அனுப்பும். வட அமெரிக்காவிற் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ் அலை. வண்டி நிற்கும்போது பாட்டரி வீணாகாதபடி கருவி உறங்கும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழிக்கும். சாலையில் அடுத்தடுத்து ஓடும் நூறு வண்டிகளின் கருவிகள் ஒருங்கே பேசினால் குழப்பம் நேருமன்றோ? ஆதலின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி எண் உண்டு. வண்டி தன் நினைவிற் குறித்துவைத்த நான்கு எண்களின் சொல்லை மட்டுமே கேட்கும். பிற கருவிகள் எவ்வளவு உரக்கக் கூவினும் செவிகொடாது.

இனி, பனிக்காலச் சக்கரம் நான்கையும் பூட்டிய நாளை எண்ணுக. அவற்றினுள்ளே கருவி இல்லையெனின் வண்டிக்குச் செய்தியே வாராது; கருவி இருப்பினும் எண் புதிதாயின் அது கேளாது. இரண்டிலும் விளைவு ஒன்றே. விளக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் மின்னி மின்னிப் பின் அணையாது எரியும். விளக்குக்கு இரண்டு மொழி உண்டு என்பதைப் பலர் அறியார். தொடக்கமுதல் மின்னாது எரிந்தால் 'காற்றுக் குறைந்தது' என்பது பொருள். மின்னிப் பின் நிலைத்தால் 'கருவியின் குரல் கேட்கவில்லை' என்பது பொருள். மின்னும் நேரம் கழிந்தபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஸ்கார்பரோவில் வாழும் என் சிற்றப்பா ஒருவர், பனிக்காலச் சக்கரத்திற்குத் தனிக் கருவி வாங்குவது வீண் செலவெனக் கருதி, விளக்கு எரிந்தபடியே இரண்டு குளிர்காலம் ஓட்டினார். கனடாவில் இக்கருவியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லையாதலின் இவ்வாறு செய்வோர் அங்குப் பலர். மூன்றாம் குளிர்காலத்தில் வலப்புறப் பின் டயரில் ஆணி ஏறிக் காற்று மெல்லக் கசிந்தது. எந்நாளும் எரியும் விளக்கு அன்றும் எரிந்தது. நெடுஞ்சாலையில் டயர் கிழிந்து, வண்டி பாதைவிட்டுப் பாதை சறுக்கி, ஓரத்துத் தடுப்பில் முட்டி நின்றது. சிற்றன்னையும் இரு குழந்தைகளும் உள்ளிருந்தனர். ஒருவருக்கும் காயமில்லை. கருவியில்லாத பழைய வண்டியாயிருந்தால் வாரம் ஒருமுறை கையளவியால் அளந்திருப்பேன் என்று தொலைபேசியில் அவர் சொன்னது என் மனத்தில் தைத்தது. எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கு, விளக்கின்மையினும் கேடுடையது என்பது என் துணிபு.

புதிய எண்களை வண்டிக்குக் கற்பிக்கும் வழி வண்டிதோறும் வேறு. சில வண்டிகள் சிறிது தூரம் ஓட்டியதும் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் வண்டியைக் கற்கும் நிலையில் நிறுத்தி, கையடக்கமான எழுப்பும் கருவியொன்றை வால்வின் அருகே காட்டி, முன் இடம் தொடங்கி ஒவ்வொரு சக்கரமாக அறிமுகம் செய்விக்க வேண்டும். சிலவற்றில் பழுதறியும் யந்திரத்தை வண்டியோடு இணைத்து எண்களை எழுதவேண்டும். ஒரு சில வண்டிகளே கோடைக்கு நான்கும் பனிக்கு நான்குமாக எட்டெண்களையும் நினைவிற் கொள்ளவல்லவை. இவ்வளவு பாடும் வேண்டாமென்போர்க்கு ஓர் உபாயம் உண்டு. வெற்றுக் கருவிகளை வாங்கி, கோடைச் சக்கரத்தின் எண்களையே அவற்றிலும் எழுதிவிடுவது அது. வண்டி மாற்றத்தை அறியவே அறியாது. ஆனால் கழற்றிய சக்கரங்களை அதே வண்டியின் பின்னறையில் ஏற்றிச் செல்லலாகாது. ஒரே எண்ணை இருவர் கூறின் வண்டி யாரை நம்பும்?

காற்றின் அளவைப் பற்றியும் கூறவேண்டும். பஞ்சர் கடையில் 'முப்பத்திரண்டு' என்று சொல்வது சதுர அங்குலத்திற்கு 32 இராத்தல் அழுத்தம். அது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவு, வெளிக்காற்றின் 14.7ஐயும் கூட்டினால் உள்ளே உள்ளது 46.7. வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு ஏற்பக் கூடிக் குறையும் என்பது பௌதிக வகுப்பில் அனைவரும் படித்தது. 20 டிகிரி வெப்பமுள்ள கொட்டகையில் 32 அடைத்த டயர், கழிக்கு 15 டிகிரி குளிரில் ஏறத்தாழ 26 மட்டுமே காட்டும். ஓர் அணுவும் கசியவில்லை. ஆறு இராத்தல் போயிற்று! அமெரிக்க விதிப்படி அமைந்த விளக்கு 24இல் எரியவேண்டும். ஆகவே இன்னும் இரண்டு இராத்தல் எங்கேனும் கசிந்திருந்தால், தையில் ஒரு விடியற்காலை விளக்கு எரியும். நண்பகலில் தானே அணையும். கருவி பழுதென்று எண்ணி அதனை இகழ்வோர் உண்டு. கருவி சொன்னது மெய்யே. ஆறேழு டிகிரி குளிருக்கு ஓர் இராத்தல் எனக் கொண்டு, ஓடிச் சூடேறாத டயரில், காலையில் அளந்து நிரப்புவதே முறை.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வேன். பனியுருகச் சாலையில் தூவும் உப்பு அலுமினிய வால்வை அரிக்கும். அதனுள் வெறும் பித்தளை ஊசியை இட்டால் இரண்டும் கடித்துக்கொண்டு கழற்ற வாராது. நிக்கல் பூசிய ஊசியே இடவேண்டும். கருவியின் பாட்டரி ஐந்து முதல் பத்தாண்டு வரை உழைக்கும். அது தீர்ந்தால் பாட்டரியை மட்டும் மாற்ற இயலாது, கருவியையே மாற்றவேண்டும். சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டும். எந்தக் கருவியும் தளர்ந்த நட்டைப் பற்றி விளக்கெரிக்காது.

நந்தனத்து நண்பர்க்கு இவற்றால் வரும் பயன் சிறிதன்று. 2020ஆம் ஆண்டில் இந்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டபோது, காற்றறி கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடைய சிறு வண்டிகள் மிகைச்சக்கரம் இன்றியும் ஓடலாம் என்று இசைவளிக்கப்பட்டது. ஆகவே பின்னறையில் ஐந்தாம் சக்கரம் இல்லாத வண்டியில், அந்த மஞ்சள் விளக்கின் சொல் நமக்கு முன்னிலும் இன்றியமையாததாகின்றது. பனி நமக்கில்லை, பருவம் உண்டு. மே மாதத்துப் பிற்பகல் 40 டிகிரியில் 33 அடைத்த டயர், மார்கழி விடியலின் 22 டிகிரியில் ஏறத்தாழ 30 காட்டும். 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். பின்னர் டயர்த் தொழிலில் இறங்கியது பலரும் அறிந்ததே; பலூனுக்குள்ள காற்றின் இயல்புதான் டயருக்கும்.

டியூப் இல்லாத டயருக்கு வெளியிலிருந்தே திரி செருகி அடைக்கும் பஞ்சர் வேலையாற் கருவிக்குத் தீங்கில்லை. டயரையே உரிக்க நேரும்போதுதான் அச்சம். சாலையோரக் கடைகளிற் கையால் நெம்பும் இரும்பு, வால்வின் அடியிலுள்ள கருவியில் ஒருமுறை பட்டால் அது நொறுங்கும். உள்ளே கருவி இருப்பது வெளியே தெரியாது. ரப்பர் வால்வாக இல்லாமல் உலோக வால்வாக இருந்தால் அது பெரும்பாலும் கருவியின் அடையாளம். ரப்பர் வால்வோடு வரும் கருவிகளும் உண்டு. ஆதலின் கடைக்காரர் வேலை தொடங்குமுன்பே, "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கிறது, வால்வு இருக்கும் பக்கம் நெம்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுதல் நன்று.