விரைந்துறையும் உருக்கு

உருக்கின் இயல்பு அதிற் கலந்துள்ள மூலகங்களால் மாத்திரம் அமைவதன்று. உருகிய உலோகம் எத்துணை விரைவில் உறைகின்றது என்பதாலும் அமைவதாகும். கடைசற்பொறிகளில் வெட்டுங் கருவியாக உதவும் அதிவேக உருக்கு இதற்குத் தக்க சான்றாம்.

1900 ஆம் ஆண்டிலே பாரிசுப் பொருட்காட்சியில், தெயிலர், உவைற்று என்னும் அமெரிக்கர் இருவர் பதப்படுத்திய உருக்கு, செஞ்சூடேறியும் கூர் மழுங்காது உலோகத்தைச் சீவியது. பின்னர் வழக்கில் நிலைத்த வகையில் நூற்றுக்கு 18 பங்கு தங்குதன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம் உள. இவை காபனோடு கூடி ஆக்கும் காபைட்டுக்களே வெட்டுமுனையைத் தேயாது காப்பன. ஆயின், பெரிய அச்சில் வார்த்த பாளம் மெல்லவே உறைவதால், அவை பளிங்குமணிகளின் எல்லைகளில் வலைபோலத் திரள்கின்றன. அடித்து நீட்டினும் அவ்வலை சிதைந்து வரிசைகளாக எஞ்சும். வெடிப்புக்கள் ஆங்கே தொடங்கும்.

இக்குறையை நீக்குதற்கு, 1970 ஐ அண்டிச் சுவீடனில் உருகிய உருக்குத் தாரையை வாயுவீச்சினால் நுண்டுளிகளாகச் சிதறச் செய்தனர். ஒவ்வொரு துளியும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான பாகை வீதம் குளிர்வதால், அணுக்கள் பெயர்ந்து திரள அவகாசமில்லை. அத்தூளைக் கலத்தில் அடைத்து, வெப்பத்தோடு எப்புறமும் அமுக்கித் திண்மமாக்குவர். அதிற் காபைட்டுக்கள் மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்களவினவாய் எங்கும் சீராகப் பரந்திருக்கும்.

எனினும் வெப்பப் பதப்படுத்தல் வேண்டியதே. ஏறத்தாழ 1200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி விரைந்து குளிர்த்தினால், வன்மையும் நொறுங்குமியல்பும் உடைய மாட்டென்சைற்றும், மாறாது எஞ்சிய ஒசுத்தெனைற்றும் காணப்படும். 560 பாகையளவில் மீளச் சூடாக்கின், மிகநுண்ணிய காபைட்டுக்கள் பிரிந்து வன்மை கூடும். எஞ்சிய ஒசுத்தெனைற்றும் குளிருங்கால் புதிய மாட்டென்சைற்றாகும். அதனையும் பதப்படுத்தவே மும்முறை சூடாக்குதல் வழக்கமாயிற்று.

உறையும்போது திரண்ட பெருங்காபைட்டுக்களைக் கரைத்தற்கோ இச்சூடு போதாது. மேலும் ஏற்றின் உருக்கே உருகத் தொடங்கும். ஆதலின், கருவியின் உறுதிக்கு அடிப்படை உறையுங் கணத்திலேயே இடப்படுகின்றது.