கிளித்தட்டுத் தெரிந்தவருக்கு வலைப்பந்தும் விளங்கும்

துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை மைதானங்களில் வலைப்பந்தாட்டம் நடக்கும்போது வேலியோரம் நிற்கும் அம்மாமாரிடம் ஒரு கேள்வி எழுவதுண்டு: “பந்தைப் பிடிச்ச பிள்ளை ஏன் ஓடாமல் நிக்கிறாள்?” மகள் பயந்துவிட்டாள் என்று எண்ணி, “ஓடு பிள்ளை, ஓடு” என்று கத்துபவர்களும் உண்டு. உண்மையில் அவள் ஓடினால்தான் பிழை. பந்தைப் பிடித்ததும் முதலில் நிலத்தில் பட்ட காலைத் தூக்கலாம். பந்தை விடுமுன் அதை மீண்டும் ஊன்றக் கூடாது.

இது எங்கள் மண்ணில் பிறந்த விளையாட்டு அல்ல. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அது இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குப் போய் வேறொரு விளையாட்டாக மாறியது. 1901இல் தனி விதிகள் அச்சாகின. நிலத்தைக் கூட்டும் பாவாடையுடன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியுமா? ஓட்டம் குறைந்தது, எறிதல் கூடியது. பின்னர் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பெண்கள் பாடசாலைகளுக்கும் அது பரவியது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் கிளித்தட்டே போதும். கிளித்தட்டில் மறிப்பவர் தன் கோட்டை விட்டு இறங்க முடியாது. கிளிக்கு மட்டும் கூடுதல் சுதந்திரம். வலைப்பந்திலும் அப்படித்தான். மைதானம் மூன்று பகுதி, அணியில் ஏழு பேர். சட்டையில் உள்ள எழுத்து, பிள்ளை எங்கே போகலாம் என்பதைச் சொல்லும். ‘சீ’ எழுத்துக்காரி மூன்று பகுதிக்கும் போவாள், ஆனால் இரு முனைகளிலும் உள்ள அரைவட்டத்துக்குள் போக முடியாது. கோல் போடக்கூடியவர்கள் ‘ஜீ.எஸ்.’, ‘ஜீ.ஏ.’ இருவரே, அதுவும் அரைவட்டத்துக்குள் நின்று. பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மறிப்பவள் மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். கிளித்தட்டில் ஆளைத் தொடுவதே மறிப்பவரின் வேலை. இங்கே ஆளில் முட்டினால் குற்றம். பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

விதி தெரிந்தால்தான் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டமும் விளங்கும். ஆறரை அடிக்கு மேல் உயரமானவர். வளையம் இருப்பது பத்து அடியில். மறிப்பவரின் கை எட்டாத உயரத்தில் தோழியர் பந்தை எறிவார்கள். அவர் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே போடுவார். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டவரையும் விட அதிக கோல் போட்டவரும் அவரே. பெண் பிள்ளை நெடுத்தால் மாப்பிள்ளை தேடுவது கஷ்டம் என்று கவலைப்படும் ஊர்கள் எங்களுடையவை!

சாமத்தியப்பட்டதும் சில பிள்ளைகளை வீட்டில் நிற்பாட்டிவிடுகிறார்கள். சிலரைச் சாதாரண தரப் பரீட்சையோடு. ஆட்டம் விளங்காத தாய்க்கு அது வெயிலில் நின்று கறுக்கும் வேலையாகவே தெரியும். நிற்பாட்டுமுன் ஒரு போட்டியை முழுதாக இருந்து பாருங்கள். முதற் பகுதியில் பந்தை விட்டுவிட்டு மகளின் எழுத்தை மட்டும் கவனியுங்கள்: எந்தக் கோட்டில் நின்றுவிடுகிறாள், யாரிடம் கை நீட்டுகிறாள் என்று. இரவு, “நடுவர் ஏன் அந்த இடத்தில விசில் ஊதினவர்?” என்று கேளுங்கள். அவள் முற்றத்து மணலில் கோடு கீறிக் காட்டுவாள்.