ஜான் டெர்ரியின் தேசிய அணி ஓய்வு

ஜான் டெர்ரியின் தேசிய அணி ஓய்வு என்பது, இங்கிலாந்து தேசிய காற்பந்து அணியின் முன்னாள் தலைவரான ஜான் டெர்ரி, செப்டம்பர் 23, 2012 அன்று பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்த நிகழ்வைக் குறிக்கும். எதிரணி வீரரான ஆன்டன் ஃபெர்டினண்டை இனவாதச் சொல்லால் இகழ்ந்தார் என்னும் குற்றச்சாட்டை இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் விசாரிக்கத் தொடங்குவதற்கு முந்தைய நாள் இவ்வறிவிப்பு வெளிவந்தது. அதே நிகழ்வு தொடர்பான குற்றவியல் வழக்கிலிருந்து அவர் இரண்டு மாதங்களுக்கு முன்னரே விடுவிக்கப்பட்டிருந்தார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரை விளையாட்டு அமைப்பு ஒன்று மீண்டும் விசாரிக்கலாமா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

பின்னணி

டெர்ரி டிசம்பர் 7, 1980 அன்று லண்டனின் கிழக்குப் பகுதியான பார்க்கிங்கில் பிறந்தார். நடுப் பின்கள ஆட்டக்காரரான இவர் 1998 ஆம் ஆண்டில் செல்சி கழகத்தின் முதன்மை அணியில் அறிமுகமானார். பின்னர் பல ஆண்டுகள் அக்கழகத்தின் தலைவராக விளங்கினார். 2003 சூன் மாதத்தில் செர்பியா-மொண்டெனேகுரோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் தேசிய அணிக்காக முதன்முறை ஆடினார்.

2006 ஆகத்து மாதத்தில் பயிற்றுநர் ஸ்டீவ் மெக்லாரன் இவரைத் தேசிய அணித்தலைவராக நியமித்தார். இவரது தனிப்பட்ட வாழ்க்கை குறித்து நாளிதழ்களில் வெளியான செய்திகளைத் தொடர்ந்து, 2010 பெப்ரவரியில் அப்போதைய பயிற்றுநர் ஃபாபியோ கப்பெல்லோ அப்பதவியைப் பறித்தார். 2011 மார்ச்சில் அது மீண்டும் இவருக்கு வழங்கப்பட்டது.

லோஃப்டஸ் ரோடு நிகழ்வு

அக்டோபர் 23, 2011 அன்று லண்டன் லோஃப்டஸ் ரோடு அரங்கில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியும் செல்சியும் பிரீமியர் லீக் போட்டியில் மோதின. செல்சி வீரர்கள் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய அவ்வாட்டத்தில் ரேஞ்சர்ஸ் 1-0 என வென்றது. ஆட்டத்தின்போது டெர்ரிக்கும் ரேஞ்சர்ஸ் பின்கள வீரர் ஆன்டன் ஃபெர்டினண்டுக்கும் இடையே வாய்ச்சண்டை மூண்டது. தோலின் நிறத்தைச் சுட்டும் வசைச்சொல் ஒன்றை டெர்ரி அப்போது உச்சரித்தது தொலைக்காட்சிப் படப்பதிவில் தெரிந்தது. ஆடுகளத்தில் அச்சொல் தம் காதில் விழவில்லை என்றும், ஆட்டம் முடிந்த பின்னர் படப்பதிவைப் பார்த்தே அறிந்ததாகவும் ஃபெர்டினண்ட் பின்னர் சாட்சியமளித்தார்.

அச்சொல்லைத் தாம் கூறியதை டெர்ரி மறுக்கவில்லை. தாம் அவ்வாறு இகழ்ந்ததாக ஃபெர்டினண்ட் குற்றஞ்சாட்டுவதாக எண்ணி, அதை மறுக்கும் முகமாகவே அச்சொல்லைத் திருப்பிச் சொன்னதாக விளக்கமளித்தார். எனவே, சொல் கூறப்பட்டதா என்பதில் பிணக்கில்லை. என்ன பொருளில் கூறப்பட்டது என்பதே பிணக்காக இருந்தது.

அணித்தலைமை இழப்பும் பயிற்றுநர் விலகலும்

பொதுமக்களுள் ஒருவர் அளித்த முறைப்பாட்டின் பேரில் காவல்துறை விசாரணை நடத்தியது. டிசம்பர் 21, 2011 அன்று, இனக்காழ்ப்புடன் பொது ஒழுங்கைக் குலைத்ததாக டெர்ரி மீது வழக்குத் தொடரப்படும் என அரச வழக்குத் தொடுப்புத் துறை அறிவித்தது. இக்குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை 2,500 பவுண்டு தண்டம் மட்டுமே. 2012 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகள் முடிந்தபின், சூலை மாதத்தில் வழக்கு விசாரிக்கப்படும் என முடிவாயிற்று.

வழக்கு நிலுவையில் இருந்ததால் பெப்ரவரி 3, 2012 அன்று காற்பந்துச் சங்கம் டெர்ரியை அணித்தலைமையிலிருந்து நீக்கியது. இம்முடிவுடன் தமக்கு உடன்பாடில்லை என்று கப்பெல்லோ இத்தாலியத் தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கூறினார். சில நாட்களில், பெப்ரவரி 8 அன்று, அவர் பதவி விலகினார். மே மாதத்தில் ராய் ஹொட்ஜ்சன் புதிய பயிற்றுநரானார்.

ஹொட்ஜ்சன் ஐரோப்பியக் கிண்ண அணியில் டெர்ரியைச் சேர்த்துக்கொண்டார். ஆன்டனின் அண்ணனும், பல ஆண்டுகள் டெர்ரியுடன் இணைந்து தேசிய அணியின் பின்களத்தில் ஆடியவருமான ரியோ ஃபெர்டினண்ட் சேர்க்கப்படவில்லை. இது ஆட்டம் சார்ந்த முடிவே என ஹொட்ஜ்சன் கூறியபோதிலும் விவாதம் ஓயவில்லை. காலிறுதியில் இங்கிலாந்து இத்தாலியிடம் தண்ட உதைகளில் தோற்றது.

நீதிமன்றத் தீர்ப்பு

வெஸ்ட்மின்ஸ்டர் நீதவான் நீதிமன்றத்தில் சூலை 9 முதல் 13 வரை வழக்கு நடைபெற்றது. தலைமை நீதவான் ஹோவார்ட் ரிடில் டெர்ரியைக் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பளித்தார். அச்சொல் இகழ்ச்சியாகவன்றி மறுப்பாகக் கூறப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்றும், அத்தகைய ஐயம் இருக்கும் நிலையில் குற்றம் நிறுவப்பட்டதாகக் கொள்ள இயலாது என்றும் அவர் முடிவு செய்தார்.

சங்கத்தின் நடவடிக்கையும் ஓய்வு அறிவிப்பும்

சூலை 27 அன்று காற்பந்துச் சங்கம் தன் சொந்த விதிகளின் கீழ் டெர்ரி மீது குற்றஞ்சாட்டியது. இனம் அல்லது நிறத்தைச் சுட்டும் இழிசொற்களைப் பயன்படுத்துவது அவ்விதிகளின்படி ஒழுங்கு மீறலாகும். செப்டம்பர் 7 அன்று மோல்டோவாவின் சிசினோ நகரில் நடந்த உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இங்கிலாந்து 5-0 என வென்றது. அதுவே டெர்ரியின் 78 ஆவதும் இறுதியுமான பன்னாட்டு ஆட்டமாக அமைந்தது.

நீதிமன்றம் விடுவித்த விடயத்தைச் சங்கம் தொடர்ந்து விசாரிப்பதால், தேசிய அணியில் தாம் நீடிக்க இயலாத நிலை உருவாகியுள்ளது என டெர்ரி தமது ஓய்வு அறிக்கையில் கூறினார். ஹொட்ஜ்சன் வருத்தம் தெரிவித்து முடிவை ஏற்றுக்கொண்டார்.

ஆணையத்தின் முடிவு

செப்டம்பர் 24 முதல் 27 வரை வெம்பிளியில் விசாரணை நடத்திய சுயாதீன ஆணையம், டெர்ரி விதியை மீறினார் எனக் கண்டது. அவருக்கு நான்கு ஆட்டங்களில் ஆடத் தடையும் 220,000 பவுண்டு தண்டமும் விதிக்கப்பட்டன. டெர்ரியின் விளக்கம் நம்பத்தக்கதன்று என ஆணையம் கருதியது. அவருக்காகச் சாட்சியமளித்த செல்சி வீரர் ஆஷ்லி கோலின் கூற்றையும் அது ஐயுற்றது. இதற்காகச் சங்கத்தை டுவிட்டரில் வசைபாடிய கோலுக்கு 90,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. டெர்ரி மேன்முறையீடு செய்யவில்லை. அக்டோபர் 18 அன்று, தாம் பயன்படுத்திய மொழிக்காக மன்னிப்புக் கோரினார்.

இரு முடிவுகளின் வேறுபாடு

இரு மன்றங்களும் ஒன்றுக்கொன்று மாறான முடிவுக்கு வந்ததற்கு முதன்மைக் காரணம் மெய்ப்பிப்பு அளவுகோலின் வேறுபாடே ஆகும். குற்றவியல் வழக்கில் குற்றம் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும். விளையாட்டு ஒழுங்கு விசாரணையில், நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி எனக் காட்டுவது போதுமானது. மேலும், நீதிமன்றம் உறுதிசெய்த உண்மைகளைச் சரியானவை எனக் கொள்ளவேண்டும் என்னும் சங்கத்தின் விதியைச் சுட்டி, நடவடிக்கையைக் கைவிட வேண்டுமென டெர்ரி தரப்பு வாதிட்டது. ஆணையம் அதனை ஏற்கவில்லை.

விமர்சனங்களும் விளைவுகளும்

2011 டிசம்பரில் பற்றீஸ் எவ்ராவை இகழ்ந்ததற்காக லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெசுக்கு எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டிருந்ததால், டெர்ரிக்கு விதிக்கப்பட்ட தடை குறைவானது எனப் பலர் கருதினர். சுவாரெஸ் அச்சொல்லைப் பன்முறை கூறியதே வேறுபாட்டுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 2012 அக்டோபரில் ரியோ ஃபெர்டினண்ட், ஜேசன் ராபர்ட்ஸ் உள்ளிட்ட வீரர்கள், இனவாத எதிர்ப்பு இயக்கமொன்றின் சட்டையை அணிய மறுத்துத் தம் அதிருப்தியை வெளிப்படுத்தினர். 2013 ஆம் ஆண்டில் சங்கம் இனவாத இகழ்ச்சிக்குக் குறைந்தது ஐந்து ஆட்டத் தடை என்ற விதியைக் கொணர்ந்தது.

டெர்ரி மீண்டும் தேசிய அணிக்கு ஆடவில்லை. செல்சியில் 2017 வரை தொடர்ந்த அவர், ஆஸ்டன் வில்லாவில் ஒரு பருவம் ஆடி, 2018 இல் ஆட்டத்திலிருந்து முற்றாக ஓய்வு பெற்றார். வழக்கில் முறைப்பாட்டாளராக இல்லாதிருந்தும் அதன் நடுவே நிறுத்தப்பட்ட ஆன்டன் ஃபெர்டினண்ட், நெடுங்காலம் இதுபற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. 2020 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில், இந்நிகழ்வு தம்மையும் தம் குடும்பத்தையும் எவ்வாறு பாதித்தது என்பதை அவர் விரிவாக எடுத்துரைத்தார்.