சிசுவைத் தேடிச் சென்ற வைத்தியம்

வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் நமக்குத்தான் எத்தனை குதூகலம்! சர்க்கரை வழங்குகிறோம், ஜாதகம் கணிக்க ஆள் அனுப்புகிறோம், மூக்கு யாருடைய ஜாடை என்று பாட்டிமார் இருவர் வாதப் பிரதிவாதம் நடத்துகிறார்கள். ஆனால், மனித ஆயுளிலேயே மிகவும் அபாயமான காலம் பிறந்த முதல் 28 நாட்கள்தாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இதை எண்ணிப் பார்த்த தம்பதிகள் இருவரைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். மகாராஷ்டிர ராஜ்யத்தின் கிழக்குக் கோடியில் கட்சிரோலி என்று ஒரு ஜில்லா இருக்கிறது. காடு அடர்ந்த பிரதேசம். கோண்டு மக்கள் வாழும் பூமி. டாக்டர் அபய் பங், சேவாகிராமத்தின் காந்தீயச் சூழலில் வளர்ந்தவர். அவரும் அவருடைய மனைவி டாக்டர் ராணி பங்கும் அமெரிக்காவில் பொதுஜன சுகாதாரம் பயின்று தேசம் திரும்பினார்கள். பட்டணத்தை நாடாமல் இந்த ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் முதலில் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். 1995-96-ல் 39 கிராமங்களில் 763 சிசுக்களை வீட்டிலேயே கவனித்துக் குறிப்பு எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட சிசுக்களுக்கு வைத்திய உதவி தேவைப்பட்டது. அதைப் பெற்றவையோ நூற்றுக்கு மூன்று கூட இல்லை!

பெற்றவர்களுக்குப் பாசம் இல்லையா? பாசத்துக்கு என்ன குறைவு? ஆஸ்பத்திரி வெகு தூரம். கையில் காசு இல்லை. பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கலாகாது என்பது வழக்கம். சிசு பால் குடிக்க மறுப்பதும், அழுகை மெலிவதும் ஆபத்தின் அறிகுறி என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

சிசு வைத்தியத்தைத் தேடி வராவிட்டால், வைத்தியம் சிசுவைத் தேடிப் போகட்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அந்தந்தக் கிராமத்திலேயே ஓரளவு படித்த ஸ்திரீ ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தார்கள். குழந்தையை எடை பார்ப்பது, குளிர் தாக்காமல் போர்த்துவது, தாய்ப்பால் கொடுக்கத் துணை நிற்பது, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது - இவை அவருடைய பணிகள். கிருமி நோய் கண்டால், பெற்றோரின் சம்மதம் பெற்று மருந்தை ஊசி மூலம் செலுத்தவும் கற்றுக்கொண்டார்.

"கிராமத்துப் பெண் ஊசி போடுவதாவது!" என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கணக்கே அவர்களுக்குப் பதில் சொல்லட்டும். முன்பு அந்தக் கிருமி நோய் கண்ட சிசுக்களில் நூற்றுக்கு 16-க்கு மேல் இறந்தன. இந்த ஸ்திரீகள் சிகிச்சை செய்தபின், இறந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த முதல் மாத மரணம், மூன்றே வருஷங்களில் 25.5 ஆகக் குறைந்தது. ஒப்பு நோக்குவதற்காகக் கவனித்துவந்த மற்றக் கிராமங்களில் அது குறையவே இல்லை. ஒரு சிசுவுக்கு ஆன செலவு ஐந்து டாலருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 1999-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது.

ஆராய்ச்சி காகிதத்தோடு நின்றுவிட்டால் என்ன பயன்? நல்லவேளையாக நிற்கவில்லை. 2011-ல் இந்திய சர்க்கார் இம்முறையைத் தழுவி ஒரு திட்டம் வகுத்தது. 'ஆஷா' என்னும் கிராம சுகாதார ஊழியர், ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுவை 42 நாட்களுக்குள் ஆறு தடவையும், வீட்டில் பிறந்ததை ஏழு தடவையும் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்று ஏற்பட்டது.

இத்தனை நடைக்கும் அன்று நிர்ணயித்த தொகை, ஒரு சிசுவுக்கு 250 ரூபாய். சம்பளம் என்று அதற்குப் பெயர் இல்லை; ஊக்கத்தொகையாம்! 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆஷா ஊழியர்களுக்கு விருது அளித்துக் கௌரவித்தது. மெத்த மகிழ்ச்சி. ஆனால் விருதைக் கொண்டு அடுப்பு மூட்ட முடியாது. தேசத்தின் சிசுக்களைக் காப்பாற்றும் கைகளுக்குத் தக்க ஊதியம் கேட்பது தர்மம் கேட்பது ஆகாது. அது நாம் திருப்பித் தர வேண்டிய கடன்.

சர்க்கார் செய்யவேண்டியது ஒரு புறம் இருக்கட்டும். குழந்தை பிறந்த வீட்டு வாசலில் எடைத் தராசும் குறிப்புப் புத்தகமுமாக ஓர் அம்மாள் வந்து நின்றால், "அப்புறம் வாருங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள். சிசுவை அவர் கையில் கொடுங்கள். ஜாதகம் கணிப்பதை ஒரு நாள் ஒத்திப் போட்டாலும் போடலாம். இதை ஒத்திப் போடக் கூடாது.